தாங்யுவான் உருண்டை ஏன் கரைகிறது?

கேள்வி: என் கணவர் பினாங்கு ஹொக்கியன் சீனக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்த முறை தாங் செக் என்னும் சீனர்களின் குளிர்காலத் திருநாள் அன்று மாமியார் வீட்டிலிருந்து ஆறு பேர் சாப்பிட வருகிறார்கள். போன வருஷம் தாங்யுவானுக்கு, அதாவது இனிப்புப் பாகில் போடும் மாவு உருண்டைக்கு, கொழுக்கட்டைக்குப் பிசைவதுபோல் கொதிநீர் ஊற்றினேன். மாவு கையைவிட்டு வரவில்லை. பச்சைத் தண்ணீரில் பிசைந்ததோ விரிசல் விட்டுப் பாகிலேயே கரைந்துவிட்டது. முதல் நாளே செய்து வைக்கலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இரண்டு முறையும் பாதி சரி, அதுதான் சிக்கல். கொழுக்கட்டை மாவு சாதாரணப் பச்சரிசி. கொதிநீர் பட்டால் வெந்து இறுகும். தாங்யுவானுக்கு வேண்டியது புலுட் மாவு, அதாவது ஒட்டரிசி மாவு. இதன் மாச்சத்து கிட்டத்தட்ட முழுவதும் ஒட்டும் வகை. மாவு மொத்தமும் வெந்தால் கோந்தாகிவிடும். துளியும் வேகாவிட்டால் பிடிப்பே இருக்காது, ஏனென்றால் கோதுமையில் உள்ளதுபோல் இழுத்துப் பிடிக்கும் புரதம் இதில் கிடையாது. ஆகவே மாவில் ஒரு பங்கை மட்டும் வேகவைத்து மீதியோடு சேர்க்க வேண்டும்.

புலுட் மாவு 300 கிராம், பச்சைத் தண்ணீர் 200 மில்லி. பிசைந்ததில் எலுமிச்சை அளவு, சுமார் 50 கிராம், கிள்ளித் தட்டையாக்கிக் கொதிநீரில் போடுங்கள். மிதந்து வந்ததும் எடுத்துச் சூட்டோடு மீதி மாவில் சேர்த்துப் பிசையுங்கள். முதலில் திரிதிரியாகத்தான் இருக்கும், ஐந்து நிமிஷத்தில் ஒன்றாகிவிடும். தொட்டால் காதுமடல்போல் இருக்க வேண்டும். ஒரு உருண்டையை அமுக்கிப் பாருங்கள்: ஓரம் வெடித்தால் ஒரு தேக்கரண்டி தண்ணீர், கையில் ஒட்டினால் ஒரு தேக்கரண்டி மாவு. மொத்தத் தண்ணீர் 240 மில்லியைத் தாண்டத் தேவைப்படாது.

மாவில் பாதிக்குச் சிவப்போ ரோஸோ ஏற்றுங்கள். பீட்ரூட் சாறு இரண்டு தேக்கரண்டி போதும், அந்த அளவு தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். நிறத்தை விட்டுவிடாதீர்கள். சிவப்பு மங்கலம், வெள்ளை சீனர்களுக்குத் துக்கத்தின் நிறமும்கூட. பத்து கிராம் உருண்டையாகப் பிடித்தால் ஐம்பது வரும். எட்டுப் பேருக்குத் தலைக்கு ஆறு வைக்கலாம். நான்கு மட்டும் வைக்காதீர்கள். சீன மொழியில் அந்த ஒலி சாவை நினைவூட்டும். பூரணம் வைத்த பெரிய உருண்டையும் உண்டு என்றாலும், முதல் தடவைக்குப் பூரணமில்லாததே நல்லது. பினாங்கில் இந்த நாளுக்கு வழக்கமும் அதுதான்.

பாகு தனிப் பாத்திரத்தில். தண்ணீர் 1.2 லிட்டர், குலா மலாக்கா (தென்னை வெல்லம்) 150 கிராம், நசுக்கிய இஞ்சி 50 கிராம், முடிச்சிட்ட பாண்டான் இலை (ரம்பை இலை) மூன்று. இருபது நிமிஷம் மெல்லக் கொதிக்கட்டும். குலா மலாக்காவில் மண் இருக்கக்கூடும், வடிகட்டிவிடுங்கள். பச்சை உருண்டையை நேராகப் பாகில் போட்டதுதான் போன வருஷத்து இரண்டாவது தவறு. சர்க்கரைத் தண்ணீரில் மாச்சத்து வேகத் தாமதமாகும். நடு வேகுமுன் மேல்புறம் கரையும், பாகும் கஞ்சியாகும்.

இரண்டு லிட்டர் வெறும் தண்ணீர் கொதித்ததும் உருண்டைகளைப் போட்டு, அடிப்பிடிக்காமல் கரண்டியின் பின்புறத்தால் ஒரு தடவை தள்ளிவிட்டு, தீயை நடுத்தரமாக்குங்கள். தளதளவென்று கொதித்தால் ஒன்றோடொன்று மோதிப் பிய்ந்துவிடும். மிதந்த பிறகும் ஒன்றரை நிமிஷம் விட்டு, குளிர்ந்த நீரில் ஒரு முக்கு முக்கிப் பாகில் சேருங்கள்.

முதல் நாளே செய்யலாம், ஆனால் வேகவைத்து வைக்காதீர்கள். வெந்த உருண்டை ஃப்ரிட்ஜில் இறுகிவிடும். பாகில் ஊறினால் உப்பிக் குழையும். பச்சை உருண்டைகளைத் தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி ஃப்ரீசரில் வையுங்கள். கெட்டியானதும் காற்றுப் புகாத பைக்கு மாற்றுங்கள். தட்டிலேயே விட்டால் காய்ந்து வெடிக்கும். மறுநாள் பனி விடாமல் அப்படியே கொதிநீரில் போடலாம். மிதக்க இன்னும் சற்று நேரமாகும். பாகும் முதல் நாளே தயாராகலாம்.

நாள் விஷயம்: தாங் செக் சூரியக் கணக்கில் வருவது, அதனால் சீனப் புத்தாண்டுபோல் தள்ளிப் போகாது. 2026-ல் டிசம்பர் 22. வட சீனாவில் இதே நாளில் மாவுக்குள் இறைச்சி பொதிந்த ஜியாவ்ஸி சாப்பிடுவார்கள். இணையத்தில் அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஹொக்கியன் வீட்டுக்கு உருண்டைதான். தாங்யுவான் என்ற பெயர், குடும்பம் கூடுவதைக் குறிக்கும் துவான்யுவான் என்ற சொல்லை ஒட்டி ஒலிக்கும். இதைச் சாப்பிட்டால் ஒரு வயது கூடிவிட்டது என்பார்கள்.

மாமியார் முன்னோருக்குப் படைப்பவரா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். படைப்பவர் என்றால், ருசி பார்ப்பதற்கு முன் முதல் கிண்ணம் அங்கே போக வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் உருண்டையை நாலாக நறுக்கிக் கொடுங்கள்; முழுசாக விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.