செவ்வாய்க்கிழமை கிளம்ப ஆச்சி விடவில்லையா?

செவ்வாய்க்கிழமை காஷ்மீருக்கு சைக்கிளில் கிளம்புவதாகவும், ஆச்சி "வடக்கே சூலம்" என்று தடுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவரோடு வாதாடாதீர்கள். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம்தான், அந்தத் திசையில் பயணம் ஆகாது என்பார்கள். ஆனால் பரிகாரம் பால் என்பதும் ஆச்சிக்குத் தெரியும். அவர் கையாலேயே ஒரு டம்ளர் காய்ச்சித் தரச் சொல்லிக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லையா, திங்கள் காலை 7.30க்குள், ராகுகாலத்துக்கு முன்னால்.

அப்புறம், வாசலில் நின்று "போறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். "போயிட்டு வர்றேன்"தான். சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்தால் சாறு செயினில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆச்சி தரும் அதிரசத் தூக்கை மறுக்காதீர்கள். கனம் என்று நான் மறுத்தேன். என் பாட்டி திண்ணையை விட்டு எழுந்துகூட வரவில்லை. 3,000 கிலோமீட்டருக்கு மேல் மிதிக்கப் போகிறவருக்கு அரைக் கிலோ ஒரு சுமையா? முதல் நாளே காலியாகிவிடும்.