மூன்றாவது வாரம் உறுமத் தொடங்கிய ஜெர்மன் ஷெப்பர்டு

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து ரோட்டில் யாரோ இறக்கிவிட்டுப் போன ஜெர்மன் ஷெப்பர்டை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முதல் பத்து நாள் சத்தமே இல்லை. மூன்று வாரம் ஆன நிலையில், சாப்பிடும்போது எட்டு வயது மகன் பக்கத்தில் போனால் உறுமுகிறது. வாரியலை எடுத்தாலே கட்டிலுக்கடியில் ஓடுகிறது. கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: விட்டுவிடாதீர்கள். வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் இரை தேடத் தெரியாது. பட்டினி கிடக்கும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

முதல் பத்து நாள் அது சாதுவாக இருக்கவில்லை, பயத்தில் ஒடுங்கிக் கிடந்தது. மனதில் உள்ளதை இப்போதுதான் காட்டுகிறது. புது வீடு முழுதாகப் பழகப் பல மாதங்கள் ஆகலாம்.

உறுமினால் அடிக்கவே கூடாது. அடித்தால் உறுமலை மட்டும்தான் விடும், பயத்தை விடாது. அடுத்த தடவை சத்தமில்லாமல் கடிக்கும். உறுமலுக்கு முன்பே அறிகுறி தெரியும். தட்டின் மேல் குனிந்தபடி உடம்பு விறைக்கும், அவசரமாக விழுங்கும், தலையைத் திருப்பாமல் வெள்ளை தெரிய ஓரக்கண்ணால் பார்க்கும். அதைக் கண்டதும் விலகிப் போங்கள்.

சோற்றை ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் வையுங்கள். சாப்பிட்டு முடியும்வரை மகன் அந்தப் பக்கமே போக வேண்டாம். பெரியவர் ஒருவர் மட்டும் எட்டுப் பத்தடி தள்ளி நடந்தபடியே, உப்பில்லாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழித்துண்டைத் தட்டருகே போட்டுவிட்டு நிற்காமல் போகட்டும். ஆள் வந்தால் சாப்பாடு பறிபோகாது, கூடுதலாக வரும் என்று அதற்குப் புரிய வேண்டும். உங்களைக் கண்டதும் தலைநிமிர்ந்து வாலைத் தளர்வாக ஆட்டும் நாளில் ஓரடி நெருங்கலாம். சாப்பிடும்போது தட்டில் கைவிட்டுப் பழக்கச் சொல்வார்கள். முப்பது கிலோ நாயிடம் அந்த விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்பு கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். வலியுள்ள நாயும் உறுமும். இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம். பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல்போலத் தாவிப் படியேறுகிறதா என்று பாருங்கள். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் ஈரம் குறைவதே இல்லை, உண்ணியும் அப்படித்தான். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சோர்ந்து, தொட்டாலே எரிச்சல்படும். ரத்தம் பார்த்தால் தெரிந்துவிடும். பூர்வீகம் தெரியாத நாய் என்பதால் வெறிநோய்த் தடுப்பூசியும் அன்றே போடுங்கள். யாரையாவது கடித்தாலோ பிராண்டினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வாரியலால் அடி வாங்கியிருக்கலாம். கட்டிலுக்கடியிலிருந்து இழுக்காதீர்கள், தானாக வரட்டும். கொஞ்ச நாளைக்கு அது வெளியே நிற்கும்போது பெருக்குங்கள். அப்புறம் வாரியலைத் தரையில் கிடத்தி, பக்கத்தில் தின்ன ஏதாவது போட்டுவையுங்கள்.

மாமியாருக்குப் பயம் இருப்பது நியாயம்தான். சம்மதித்தால், அந்தக் கோழித்துண்டு போடும் வேலையை அவரிடமே கொடுங்கள்.