ஆல்ப்ஸில் கயிறு, பனிக்கோடரி இல்லாமல் நடந்தே ஏறக்கூடிய, கூட்டமில்லாத சிகரம் ஏதாவது உண்டா?

உண்டு, பார்ஹார்ன். சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில், டுர்ட்மான் பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் இருக்கிறது. உயரம் 3,610 மீட்டர். பனியாற்றில் கால் வைக்காமல் இவ்வளவு உயரம் போக முடிகிற சிகரங்கள் ஆல்ப்ஸில் ரொம்பக் குறைவு. உச்சிக்குக் கேபிள் கார் கிடையாது, பாதிக் கூட்டம் அதிலேயே கழன்றுவிடும். ஆகஸ்ட் வார இறுதியில் ஆள் இருப்பார்கள், நான் போனது செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை.

கோடையில் மட்டும் ஆள் இருக்கும் க்ரூபென் என்ற சிற்றூரிலிருந்து ஏறி, 2,519 மீட்டரில் உள்ள டுர்ட்மான் மலைக்குடிலில் இரவு தங்கினேன். காலையில்தான் சமவெளியிலிருந்து கிளம்பியிருந்தேன், ஒரே நாளில் அவ்வளவு உயரம் வந்ததில் மண்டையிடி, தூக்கமே இல்லை. முடிந்தால் நீங்கள் இரண்டு இரவு தங்குங்கள்.

விடியற்காலையில் கிளம்பினால் குடிலுக்கு மேலே கெஸ்ஸி என்றொரு செங்குத்தான பாறை இடுக்கு வரும். பிடித்து ஏறக் கயிறு போட்டிருக்கிறார்கள், நிதானமாகப் போனால் பயமில்லை. அதைத் தாண்டியபின் உச்சிவரை சரளைக்கல்தான், இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். அங்கே வழிகாட்டிப் பலகைகளில் தூரம் போடமாட்டார்கள், நடக்கும் நேரத்தைத்தான் போடுவார்கள், அதுவும் உட்கார்ந்து இளைப்பாறும் நேரத்தைச் சேர்க்காமல். அந்த ஊர்க்காரர்களின் காலுக்குப் போட்ட கணக்கு அது, எனக்கு ஒன்றரை மடங்கு ஆனது! 3,000 மீட்டருக்கு மேல் இருபது அடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினேன்.

உச்சியில் என்னைத் தவிர யாருமில்லை. எதிரே வைஸ்ஹார்ன் சிகரம், கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது போலத் தெரிந்தது, கீழே பனியாற்றில் எங்கோ கல் உருளும் சத்தம். கடலைமிட்டாயைப் பிரித்ததுதான் தாமதம், மஞ்சள் அலகு வைத்த குட்டிக் காக்கை ஒன்று வந்து என் ஷூவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தது. நான் கொடுக்கவில்லை, கீழே சிந்தியதை அதுவே பொறுக்கிக்கொண்டது.

ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு. குடிலுக்கே 1,100 மீட்டர் இறக்கம், அப்புறம் க்ரூபென் வரை இன்னும் 700. ஸ்டிக் கொண்டுபோகாததால் முழங்கால் கழன்றுவிட்டது, நொண்டி நொண்டி வந்ததில் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. பஸ் நேரத்தை முதல் நாளே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.