கிராபிக்ஸ் கார்டு: பழசா, புதுசா? வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி கார்டு இருக்கிறது. எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளில் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு இரண்டு கார்டு காட்டுகிறார்கள்: யூஸ்டு ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, புது ஆர்டிஎக்ஸ் 3050. நம்பரும் பெரிது, கார்டும் புதிது என்பதால் 3050-ஐ எடுத்துவிடலாமா?
- வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: நம்பரை இரண்டாகப் பிரித்துப் படியுங்கள். 3050-ல் 30 என்பது தலைமுறை, 50 என்பது அந்தத் தலைமுறைக்குள் அதன் இடம். 3050 அதன் வீட்டில் கடைக்குட்டி. 1080 டிஐ 2017-ல் வந்தபோது அதன் வீட்டில் ஏறக்குறைய மூத்தது. அதில் 11 ஜிபி மெமரி, நொடிக்கு 484 ஜிபி டேட்டா போய்வரும். 8 ஜிபி 3050-ல் அது 224 ஜிபி மட்டுமே. ரே டிரேசிங் (ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணக்கிட்டுப் படம் வரையும் முறை) இல்லாத கேம்களில் 1080 டிஐயின் வேகத்தை 3050 எட்டாது.

கடைக்காரர் கோர் (சிப்பில் கணக்குப் போடும் சிறு பகுதி) எண்ணிக்கையைக் காட்டினாலும் மயங்க வேண்டாம். ஜிடிஎக்ஸ் 1070, ஆர்டிஎக்ஸ் 2060 இரண்டிலும் 1920 கோர்கள்தான். ஆனால் 2060 ஓடுவது 2560 கோர் உள்ள ஜிடிஎக்ஸ் 1080-க்குப் பக்கத்தில். அதே 2560 கோர் 8 ஜிபி 3050-லும் உண்டு. அதுவோ 2060-க்குப் பின்னால் நிற்கிறது. 30 வரிசையில் கோரை எண்ணும் விதமே மாறிவிட்டதுதான் காரணம். 20 வரிசையில் ஒரு தொகுதிக்கு 64 கோர் என்று எண்ணினார்கள், 30 வரிசையில் 128 என்கிறார்கள். அந்த 128-ல் பாதி, முழு எண் கணக்கு வந்தால் அந்த வேலைக்குப் போய்விடும். ஆக, கோர் எண்ணிக்கை ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட மட்டுமே உதவும்.

அப்படியென்றால் 1080 டிஐ வாங்கலாமா? வேண்டாம் என்போம். வேகம் குறைவு என்பதற்காக இல்லை. 10 வரிசைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் வருவது 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். உங்கள் 1060-க்கும் இதே கதி. ரே டிரேசிங் ஹார்டுவேர் இல்லாவிட்டால் தொடங்கவே தொடங்காத கேம்களும் வந்துவிட்டன. 2025-ல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் அப்படித்தான். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் வசதியும் 1080 டிஐயில் கிடையாது.

அதே பணத்துக்கு யூஸ்டு ஆர்டிஎக்ஸ் 3060 பில்லோடு கிடைக்குமா என்று தேடுங்கள். சாதாரண கேம்களில் 1080 டிஐக்கு ஏறக்குறைய சமம், மின்சாரம் 250 வாட்டுக்குப் பதில் 170 வாட். 12 ஜிபி என்று அழுத்திக் கேளுங்கள். 8 ஜிபி 3060 என்று ஒன்று உண்டு. பெயர் அதேதான், மெமரி பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கியது. 3050-லும் இதே கூத்து: 6 ஜிபி மாடலில் கோர் 2304, பாதை 96 பிட். கேட்காமல் வாங்கினால் கையில் வருவது அதுவாக இருக்கலாம்.

கேள்வி: ஐ5-7400 மெஷினில் 1060-ஐக் கழற்றி புது ஆர்டிஎக்ஸ் 4060 போட்டேன். ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) அப்படியே இருக்கிறது. கார்டு பழுதா?
- வாசகர், ஈஜிபுரா, பெங்களூரு

பதில்: முதலில் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். மதர்போர்டில் செருகியிருந்தால் கார்டில் மாற்றுங்கள். சிரிக்காதீர்கள், அடிக்கடி நடப்பதுதான். ஃபிரேம் ரேட் சரியாக 60-ல் முட்டி நின்றால் ஃபிரேம் ரேட்டை மானிட்டர் வேகத்தோடு கட்டிவைக்கும் வி-சிங்க்கை அணைத்துப் பாருங்கள்.

அதுவும் இல்லையென்றால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற புரோகிராமில் ஜிபியு யூசேஜை (கார்டின் சிப் எத்தனை சதவீதம் உழைக்கிறது என்பதை) திரையில் வரவைத்து விளையாடுங்கள். 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கார்டு முழு மூச்சில் உழைக்கிறது. 50, 60-ல் தள்ளாடினால் கார்டு சும்மா காத்திருக்கிறது, பிராசசர் வேலை கொடுத்து முடிக்கவில்லை. இன்னொரு சோதனை: ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்குக் குறையுங்கள். ஃபிரேம் ரேட் கூடவே இல்லையென்றால் குற்றவாளி பிராசசர்தான். ஐ5-7400-ல் நாலு கோர், நாலு திரெட். இன்றைய கேம்களுக்கு அது போதவில்லை. ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் அதே அளவில் இன்னொன்று போட்டு டூயல் சேனலாக்குங்கள். செலவு குறைந்த வைத்தியம் அது.

4060-ல் இன்னொரு விஷயமும் உண்டு. அது 8 லேன் கார்டு, அதாவது டேட்டா போய்வர 8 தடம் மட்டுமே. உங்கள் போர்டில் கார்டு செருகும் இணைப்பு பழைய பிசிஐஇ 3.0 என்பதால் நொடிக்கு சுமார் 16 ஜிபிக்குப் பதில் 8 ஜிபிதான் போகும். 8 ஜிபி மெமரி நிரம்பாதவரை பெரிதாகத் தெரியாது. நிரம்பி வழிந்தால் டெக்ஸ்சர்கள் ரேமிலிருந்து அந்தக் குறுகிய வழியாகத்தான் வர வேண்டும், படம் விக்கும். டெக்ஸ்சர் அளவை ஒரு படி இறக்குங்கள்.

கேள்வி: வீட்டிலேயே இரண்டு கார்டுகளை ஒப்பிட்டுப் பார்க்க என்ன வழி?
- வாசகர், ஜெயநகர், பெங்களூரு

பதில்: ஒரு கார்டைக் கழற்றும் முன் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை சேஃப் மோடில் ஓட்டி, பழைய டிரைவரைத் துடைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். கேமுக்குள்ளேயே பெஞ்ச்மார்க் இருந்தால் அதையே நான்கு முறை ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் ஷேடர் (படம் வரையும் சிறு புரோகிராம்கள்) தயாராகிக்கொண்டிருக்கும், அதைக் கணக்கில் சேர்க்காமல் மற்ற மூன்றின் சராசரியை எடுங்கள். டிஎல்எஸ்எஸ், ஃபிரேம் ஜெனரேஷன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். நடுவில் செருகிய ஃபிரேம்கள் எண்ணைக் கூட்டும், மவுஸ் அசைவுக்குக் கேம் காட்டும் பதிலை வேகமாக்காது. சராசரியோடு 1 சதவீத லோ (மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகம்) என்ற எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி 80, லோ 25 என்றால் அந்தக் கார்டில் விளையாடுவது எரிச்சல். ஏப்ரல் வெயிலில் மதியம் ஒன்றையும் இரவில் இன்னொன்றையும் ஓட்டி ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: யூஸ்டு கார்டு வாங்கும்போது கடையிலேயே என்ன பார்க்க வேண்டும்?
- வாசகர், சிவாஜி நகர், பெங்களூரு

பதில்: கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் புரோகிராமைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். பெயரை நம்பாமல் ஷேடர் எண்ணிக்கையை (கோர் எண்ணிக்கைக்கு அதில் அதுதான் பெயர்) பாருங்கள். 1060-ல் 6 ஜிபிக்கு 1280, 3 ஜிபிக்கு 1152. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580-ல் 2304 இருக்க வேண்டும்; 2048 காட்டினால் அது 580 ஸ்டிக்கர் ஒட்டிய 570-க்குச் சமம். பழைய கார்டின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளை) மாற்றி எழுதி விற்பதும் உண்டு. அப்படிப்பட்ட பலவற்றுக்கு ஜிபியு-இசட்டே 'ஃபேக்' என்று எழுதிக் காட்டிவிடும்.

பிறகு கார்டை முழு மூச்சில் உழைக்கவைக்கும் ஃபர்மார்க் புரோகிராமை 15 நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். வண்ணப் புள்ளிகளோ கட்டங்களோ தெரிந்தால் மெமரியோ சிப்போ போய்க்கொண்டிருக்கலாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஜிபியு வெப்பத்துக்கும் ஹாட் ஸ்பாட்டுக்கும் (சிப்பின் மிகச் சூடான இடம்) 30 டிகிரி இடைவெளி என்றால் சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். சும்மா இருக்கும்போது ஃபேன் சுற்றாதது பல மாடல்களில் இயல்பு.

வீட்டு யுபிஎஸ்ஸையும் நினைவில் வையுங்கள். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 250 வாட் கார்டு, 100 வாட் பிராசசர், 30 வாட் மானிட்டர் சேர்ந்தாலே 380. கரண்ட் போன நொடியில் கேமோடு சேர்ந்து மெஷினும் அணையும்.