பழைய ஒரு ரூபாய்க் காசுகள்: வெள்ளிக்காக வைத்திருக்கலாமா?

1918-ஆம் ஆண்டுக் காசு 12, 1944-ஆம் ஆண்டுக் காசு 20, 1947-ஆம் ஆண்டுக் காசு 8 என்று 40 காசுகள்; வெள்ளி விலை ஏறும்வரை வைத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே சரக்கு இல்லை, முதலில் பிரித்து வையுங்கள்.

1947 காசு நிக்கல். காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும், வெள்ளிக் கணக்கில் சேராது. 1918 காசு 11.66 கிராம், அதில் 91.7% வெள்ளி, அதாவது 10.69 கிராம். 1944 காசும் அதே எடைதான், ஆனால் பாதிதான் வெள்ளி: 5.83 கிராம். ஆக உங்களிடம் இருக்கும் வெள்ளி சுமார் 245 கிராம். தேய்மானத்துக்குக் கொஞ்சம் கழியுங்கள்.

போலியும் நிறைய உலவுகிறது. 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முக்குங்கள். தராசு காட்டுவது காசின் எடையை அல்ல, காசு ஒதுக்கும் தண்ணீரின் எடையை. 1918 காசுக்கு 1.13 கிராம் வாக்கில் காட்ட வேண்டும், 1.3-ஐத் தொட்டால் வெள்ளியைவிட அடர்த்தி குறைந்த உலோகமோ என்று சந்தேகப்படுங்கள்.

1918-ஐ தாராளமாக வைத்திருங்கள். 1944-ஐ உருக்க விற்றால் மீதிப் பாதியில் உள்ள செம்பு, நிக்கல், துத்தநாகத்தைப் பிரிக்கும் செலவைக் கழித்துத்தான் விலை சொல்வார்கள், அதனால் சேகரிப்பாளரிடம் முதலில் கேளுங்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்தப் பளபளப்பு சேகரிப்பு மதிப்பை அடியோடு தின்றுவிடும்.