கோபமும் தூக்கமின்மையும் பி.பி.யும்: தியானம் போதுமா?

கேள்வி: வயது 41. அலுவலக முகாமில் ரத்த அழுத்தம் 144/92 என்றார்கள். அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. சில மாதங்களாகச் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறேன். விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. தியானம் செய்தால் போதுமா, மாத்திரை தொடங்க வேண்டுமா? - வாசகர், திருப்பூர்

பதில்: முகாமில் ஒருமுறை பார்த்த அளவை வைத்து மாத்திரையும் தொடங்க வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். முதலில் ஒரு வாரம் வீட்டில் அளந்து ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மேற்கையில் பட்டை சுற்றும் டிஜிட்டல் கருவி வாங்குங்கள். மணிக்கட்டுக் கருவி வேண்டாம். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கு முன், முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பாதங்கள் தரையில் இருக்கட்டும், கால் மேல் கால் போடக் கூடாது. கையை மேசை மீது நெஞ்சு உயரத்தில் வைத்து, சட்டைக்கு மேல் அல்லாமல் வெறும் கையில் பட்டையைச் சுற்றுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, மாலையிலும் அதேபோல. முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் உயர் ரத்த அழுத்தம்தான். கை தொங்கினாலோ, பருமனான கைக்குப் பட்டை சிறியதாக இருந்தாலோ கருவி உண்மையைவிட அதிகமாகக் காட்டும். கூடியதைப் பார்த்துப் பயந்து திரும்பத் திரும்ப அளப்பவர்களுக்கு அது இன்னும் ஏறும்.

அதே நோட்டில் இன்னொரு பத்தியும் போடுங்கள்: தூங்கிய நேரம், கோபம் வந்த நேரம், அதற்குச் சற்று முன் உடம்பில் என்ன தெரிந்தது. தாடை இறுகுவது, தோள் தூக்கிக்கொள்வது, மூச்சு மேலோட்டமாவது எல்லாம் பெரும்பாலும் வார்த்தைக்கு முன்பே வந்துவிடும். அதைக் கண்டுகொள்ளப் பழகினால் அந்த இடத்திலேயே நிறுத்த முடியும். நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். மூச்சை அடக்க வேண்டாம். விரல் மரத்தாலோ தலை சுற்றினாலோ அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள் என்று பொருள். அழுத்தம் கட்டுக்குள் வரும்வரை கபாலபாதி போன்ற வேக மூச்சுப் பயிற்சிகளைத் தவிருங்கள். தியானம் நல்ல துணை. ஆனால் அழுத்தம் தொடர்ந்து கூடியிருந்தால் மாத்திரையின் வேலையை அது செய்யாது.

உப்பு ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள். பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள். நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ 50 நாளாவது வர வேண்டும். ஒரு மாதத்திலேயே தீர்ந்தால் ஆளுக்கு எட்டு கிராம் போகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு இந்தக் கணக்கில் சேராதவை.

அப்பாவுக்கு இளம் வயதிலேயே மாரடைப்பு வந்திருப்பதால் சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, சிறுநீரில் புரதம், ஈ.சி.ஜி. ஆகியவற்றை இப்போதே பாருங்கள். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். பலத்த குறட்டை உண்டா என்று வீட்டில் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபட்டாலும் பி.பி. ஏறும்.

விடிகாலை விழிப்பையும் எரிச்சலையும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆண்களுக்கு மனச்சோர்வு அழுகையாக வராமல் கோபமாகவே வருவதுண்டு. எதிலும் நாட்டமில்லாத நிலை இரண்டு வாரம் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிர் வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். அளவு 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் ஏதேனும் சேர்ந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.