துடிப்பு சீராகிவிட்டது, ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 76, எடை 52 கிலோ. பல வருடங்களாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். வழக்கமான பரிசோதனையில் எடுத்த இ.சி.ஜி.யில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பதாகச் சொல்லி, அபிக்ஸபான் 5 மி.கி. காலையும் இரவும் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்து எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்தது. படபடப்பு எதுவும் இல்லை. ஆனால் போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். அடிபட்டு ரத்தக்கசிவு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இதை நிறுத்திவிட்டு ஆஸ்பிரின் கொடுக்கலாமா? இல்லை, பாதி அளவாகக் குறைக்கலாமா? பல் ஒன்றும் பிடுங்க வேண்டியிருக்கிறது.

பதில்: நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயத்துக்குத் தீர்வு வேறு இடத்தில் இருக்கிறது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடித்துக்கொண்டே இருக்கும். இடது மேலறையின் ஓரத்தில் சின்னப் பை போல ஒரு நீட்சி உண்டு. ரத்தம் அங்கே தேங்கி உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி நகர்ந்தால் பெரும்பாலும் போய்ச் சேருமிடம் மூளை. ஓரளவு பெரிய கட்டி என்பதால் மூளையின் பெரிய ரத்தக் குழாயையே அடைத்துவிடும். அதனால்தான் இந்த வகைப் பக்கவாதம் மற்ற வகைகளைவிடக் கடுமையாக இருக்கிறது. பிழைத்தாலும் பலர் படுக்கையோடு இருக்க நேரிடுகிறது. இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு அதிகம்.

இ.சி.ஜி. சரியாக வந்ததை வைத்து முடிவெடுக்க முடியாது. அது சில விநாடித் துடிப்பை மட்டுமே பதிவு செய்கிறது. இந்தக் கோளாறோ வரும், போகும், மறுபடி வரும். பலருக்கு அது வந்து போவதே தெரியாது. படபடப்பு இல்லை என்பதால் கட்டி உருவாகாது என்று சொல்லிவிட முடியாது.

யாருக்கு மருந்து தேவை என்பதை மருத்துவர்கள் புள்ளி போட்டுப் பார்க்கிறார்கள். 75 வயதோ அதற்கு மேலோ ஆனால் 2, ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தால் 2, 65 முதல் 74 வயது என்றால் 1. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், இதயச் செயலிழப்பு, ரத்தக் குழாய் நோய் ஆகியவற்றுக்குத் தலா 1. உங்கள் அம்மாவுக்கு வயதுக்கு 2, பிரஷருக்கு 1, ஆக 3. இரண்டிலேயே மருந்து தேவை என்று தெளிவாகப் பரிந்துரைக்கிறார்கள்.

இனி ஆஸ்பிரின். ‘லேசான மருந்து, வயதானவர்களுக்கு அதுவே பாதுகாப்பு’ என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு ஆஸ்பிரின் மாற்று மருந்து அல்ல. ரத்த உறைவைத் தடுக்கும் பழைய மருந்தான வார்ஃபரினைக் கொடுக்க முடியாத சுமார் 5,600 பேரிடம் ஆஸ்பிரினையும் அபிக்ஸபானையும் ஒப்பிட்ட ‘அவெரோஸ்’ என்ற ஆய்வு 2011-இல் வெளியானது. பக்கவாதமோ வேறு உறுப்பில் ரத்தக்குழாய் அடைப்போ வந்தவர்கள், ஆஸ்பிரின் பிரிவில் ஆண்டுக்கு 100-க்கு 3.7 பேர், அபிக்ஸபான் பிரிவில் 1.6 பேர். பெரிய ரத்தக்கசிவு ஆஸ்பிரினில் 1.2, அபிக்ஸபானில் 1.4. கிட்டத்தட்ட ஒன்றுதான். அதாவது ஆஸ்பிரினுக்கு மாறினால் ரத்தக்கசிவு ஆபத்து பெரிதாகக் குறையாது, பக்கவாதத்துக்கான பாதுகாப்பு மட்டும் போய்விடும்.

பாதி அளவு விஷயமும் இதே போலத்தான். அபிக்ஸபானை 2.5 மி.கி.யாகக் குறைக்க ஒரு விதி இருக்கிறது. வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) 1.5 அல்லது அதற்கு மேல் என்ற மூன்றில் ஏதாவது இரண்டு பொருந்த வேண்டும். அம்மாவுக்கு இப்போது எடை மட்டும் பொருந்துகிறது. கிரியாட்டினின் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, அதைப் பார்த்துவிடுங்கள். 1.5-க்குக் கீழே இருந்தால் 5 மி.கி. தான் சரியான அளவு. எடை இப்படியே இருந்தால் 80 வயதாகும்போது மருத்துவரே குறைத்துவிடுவார். காரணமில்லாமல் பாதி அளவு சாப்பிடுவது மருந்து சாப்பிடுகிறோம் என்ற நிம்மதியைத் தரும், முழுப் பாதுகாப்பைத் தராது.

விழுந்ததைப் பற்றி. அதை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் விழுவார் என்பதற்காக மருந்தை நிறுத்தினால், பெரும்பாலானவர்களுக்குப் பக்கவாதத்தால் வரும் இழப்புதான் பெரிது. அதோடு, அபிக்ஸபான் போன்ற புதிய மருந்துகளில் மூளைக்குள் ரத்தக்கசிவு வருவது வார்ஃபரினைவிடச் சுமார் பாதிதான். ஆகவே சரிசெய்ய வேண்டியது விழுவதற்கான காரணத்தை. குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, இரவில் வெளிச்சம் வேண்டும். கண் பார்வையைச் சோதியுங்கள். எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்குகிறதா, தூக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். தலையில் அடிபட்டால் மட்டும் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ரத்தக்கசிவைக் குறைக்க நம் கையில் இருக்கும் முக்கியமான வழி, கூடச் சேரும் மருந்துகளைக் கவனிப்பது. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது பெரிய ஆபத்து. பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பழைய சீட்டில் ஆஸ்பிரின் இருந்தால் அது இன்னும் தேவையா என்றும் கேளுங்கள். ஸ்டென்ட், மாரடைப்பு போன்ற காரணம் இல்லாமல் ஆஸ்பிரினையும் அபிக்ஸபானையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. பிரஷரைக் கட்டுக்குள் வைத்தால் அடைப்பு, கசிவு இரண்டுமே குறையும். மலம் கறுப்பாகப் போனாலோ, சிறுநீரில் ரத்தம் வந்தாலோ தாமதிக்க வேண்டாம். கையில் லேசாகக் கன்றிப்போவதும், பல் துலக்கும்போது துளி ரத்தம் வருவதும் பயப்பட வேண்டியவை அல்ல.

இந்த மருந்தின் வேலை ஒரு நாளுக்குள் தேய்ந்துவிடும். எனவே வேளை தவறக் கூடாது, மாத்திரை தீர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றும் விடக் கூடாது. மறந்துவிட்டால் அன்றைக்கே நினைவு வந்ததும் ஒன்று சாப்பிடலாம். அடுத்த வேளையில் சேர்த்து இரண்டாகச் சாப்பிடக் கூடாது. கிரியாட்டினினை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கு ஒரு வார்த்தை: செயற்கை உலோக வால்வு உள்ளவர்களும், மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களும் வார்ஃபரின்தான் சாப்பிட வேண்டும், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையோடு. அவர்கள் புதிய மருந்துக்குத் தாங்களாக மாறக் கூடாது.

கடைசியாக, பல். ஒரு பல் பிடுங்குவதற்குப் பல நாள் முன்பே மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. பெரும்பாலும் நிறுத்தாமலே பிடுங்கிவிடலாம். சில சமயம் அன்று காலை வேளையை மட்டும் தள்ளிவைக்கச் சொல்வார்கள். பிடுங்கிய இடத்தில் தையல் போட்டு, பஞ்சை அழுத்திக் கடித்துக்கொண்டால் ரத்தம் நிற்கும். காலை நேரத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள், அப்போதுதான் ரத்தம் கசிந்தாலும் பகலிலேயே திரும்பக் காட்ட முடியும். பல் மருத்துவரிடம் மாத்திரை அட்டையைக் காட்டி, தேவைப்பட்டால் இதய மருத்துவரிடம் போனில் பேசச் சொல்லுங்கள்.